புதருக்குள் போகும் குண்டு

தோட்டத்துக் கிராணிக்கு ஆங்கிலம் தெரியும் என்ற ஒரே காரணத்தால், அவனுக்கு உலகத்திலுள்ள யாவும் தெரியும் என்று எண்ணுவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். பிறப்புப் பத்திரம் தொலைந்தாலும், சேமநிதிப் பணம் வந்து சேராவிட்டாலும், பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டுமானாலும், கிராணி வீட்டு வாசலிலேதான் வந்து நிற்பார்கள். அவனும் தெரிந்ததையும் பாதி தெரிந்ததையும் சேர்த்து ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்புவான். அப்படி என்னிடம் வந்த கேள்விகளுள் எளிதில் பதில் சொல்ல முடியாமல் என்னைப் பல இரவு விழிக்க வைத்தது ஒன்று உண்டு.

என் தமக்கையின் மகன் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அவன் எனக்கு எழுதியதாவது: "மாமா, இங்கே நண்பர்கள் மிளா வேட்டைக்கு அழைக்கிறார்கள். சட்டப்படி உரிமம் வாங்கலாம். ஆனால் மலைக்காடு மிகவும் அடர்த்தி. முப்பது நாற்பது கஜத்துக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. எந்த ரைபிள் வாங்குவது, எந்த அளவுக் குண்டு போடுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் துரைமார் விட்டுப்போன வேட்டைப் புத்தகங்களையெல்லாம் படித்தவராயிற்றே, சொல்லுங்கள்."

இது கடைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று முதலில் நினைத்தேன். சிறிது யோசித்தபின், இது தருமத்தைப் பற்றிய கேள்வி என்று உணர்ந்தேன். என் பதிலை அவனுக்கு மட்டும் எழுதாமல் வாசகர்களுக்கும் எழுதுவதற்குக் காரணம், தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து வீடுகளிலும் இக்கேள்வியோடு சம்பந்தப்பட்டவர் பலர் இருப்பதுதான். காட்டுப்பன்றிக்கென்று உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர் நம்மில் இருக்கிறார்கள். அவர் கொண்டுவரும் இறைச்சியில் பங்கு வாங்குபவர் அவர்களிலும் பலர்.

முதலில் விலங்கைப் பற்றிச் சொல்லுகிறேன். தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும், இலங்கையில் மரை என்றும், இங்கே மலாய் மொழியில் ரூசா என்றும் வழங்குவது ஒரே மான்தான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இலங்கை மலைகளில் குடியேறிய வெள்ளையர் இதை 'எல்க்' என்று அழைத்தார்கள். ஐரோப்பாவில் எல்க் என்பது வேறு விலங்கு. அமெரிக்காவில் அப்பெயர் பெற்றது இன்னொரு விலங்கு. தன் ஊரை விட்டு வந்தவன், வந்த ஊரிலுள்ளதைத் தன் ஊர்ப் பெயரால் அழைத்துத் திருப்தியடைகிறான். 1860களில் அவர்களே இம்மானைக் கப்பலேற்றி விக்டோரியாவில் கொண்டுபோய் விட்டார்கள். துரைமார் விரும்பிய இடத்துக்கெல்லாம் கப்பலேற்றப்பட்டவர்கள் நாம் மட்டும் அல்ல என்பது இதனால் விளங்கும். இன்று அங்கே அது பெருகி மலைக்காட்டுச் செடிகொடிகளை அழிக்கிறது. இங்கேயோ அருகி வருகிறது. நன்கு வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவையும் தாண்டும். பகலில் புதரில் படுத்திருந்து அந்தியிலும் இரவிலும் மேயும். ஆதலின் அதைத் தேடிப் போகிறவன் புதரையே தேடிப் போகவேண்டும்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். பாமரர் சொல்லும் முதல் விடை, பெரிய விலங்குக்குப் பெரிய துப்பாக்கி என்பது. இந்த விடைக்கு ஒரு பெரிய சாட்சியும் உண்டு. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இலங்கை வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவரிடம் இருந்த ஒரு ரைபிள் 21 ராத்தல் எடை. அரிசி மூட்டை தூக்கியவர்களுக்கு அது பெரிதல்ல. ஆனால் அதைத் தோளில் வைத்துக் குறிபார்ப்பது வேறு காரியம். இப்படிப்பட்ட மனிதர் நுவரெலியாவின் அடர்ந்த காட்டில் மரையை எதைக்கொண்டு வேட்டையாடினார்? துப்பாக்கியைக் கொண்டல்ல, நாய்களைக் கொண்டும் கத்தியைக் கொண்டும். அக்காட்டில் துப்பாக்கியால் பயனில்லை என்று அவரே கண்டார். அந்த வேட்டை முறை கருணையானது என்று நான் சொல்ல வரவில்லை. நாய்கள் துரத்திய மரையின் கடைசி நாழிகையை எண்ணிப் பார்ப்பவன் அப்படிச் சொல்லமாட்டான். பெரிய துப்பாக்கி வைத்திருந்தவரே புதர் முன் அதைக் கீழே வைத்தார் என்பதை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும்.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. ஆப்பிரிக்காவில் கரமோஜோ பெல் என்று பெயர் பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குண்டாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்டு சுட்டார். தந்தத்துக்காக ஆயிரம் யானைகளைக் கொன்றவரை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆனால் அவரிடமிருந்து ஒரு பாடம் உண்டு: குண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே போய்ச் சேருகிறது என்பதே உயிர் விரைவாகப் போவதையும் மெதுவாகப் போவதையும் தீர்மானிக்கிறது.

நிற்க. புதரைப் பற்றி வேட்டைக்காரரிடையே உலவும் ஒரு பழைய நம்பிக்கையை ஆராய்வோம். வேகமான சிறு குண்டு குச்சியில் பட்டால் விலகிப் போகும். மெதுவாகச் செல்லும் கனத்த குண்டோ குச்சிகளை முறித்துக்கொண்டு நேரே போகும் என்பர். புதருக்கென்றே தனித் துப்பாக்கி உண்டு என்று விற்பவரும் உளர். சோதனை செய்து பார்த்தவர்கள் கண்டது வேறு. கட்டைகளை நட்டு, அவற்றுக்குப் பின்னால் காகித இலக்கை வைத்துச் சுட்டபோது, சிறியது, பெரியது, வேகமானது, மெதுவானது என்ற வேறுபாடின்றி எல்லாக் குண்டும் விலகின. கனத்த குண்டு சிலவேளை சற்றுக் குறைவாக விலகியது, அவ்வளவே. விலகாத குண்டு என்று ஒன்று இல்லை.

இதன் காரணம் கடினமானதன்று. ரைபிள் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டு போகிறது. அச்சுழற்சியே அதை நேராக வைத்திருக்கிறது. பம்பரத்தின் தலையில் ஒரு துரும்பால் தட்டினால் அது தள்ளாடுவதுபோல், குச்சியில் பட்ட குண்டும் தள்ளாடும். இரண்டே பாகை திரும்பினாலும், முப்பது கஜத்துக்கு அப்பால் மூன்றடி தள்ளிப் போய்விடும். மிளாவின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஏறத்தாழ ஒரு சோற்றுத் தட்டு அளவு. மூன்றடி தள்ளினால் அத்தட்டு தப்பி, குடலோ, காலோ, தாடையோ அடிபடும். விலங்கு சாகும், ஆனால் அன்று சாகாது.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் பெருரவை போட்டுச் சுடுவோம். ஒன்பதில் ஒன்றாவது படும் என்பார் உண்டு. நம் நாட்டில் உரிமம் பெற்றவர் பெரும்பாலோர் கையில் இருப்பது பன்னிரண்டாம் எண் துப்பாக்கியே. ஒரு ராத்தல் ஈயத்தில் அக்குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் பன்னிரண்டு செய்யலாம் என்பதே அந்த எண்ணின் பொருள். அதன் தோட்டாவில் பெருரவை ஒன்பது இருக்கும். குழலை விட்டுப் புறப்பட்டபின் ஒவ்வொரு கஜத்துக்கும் அவை சுமார் ஓர் அங்குலம் பரவும் என்பது பழைய தோராயக் கணக்கு. அப்படியானால் முப்பது கஜத்தில் இரண்டரை அடி அகலம் பரவும். அந்தச் சோற்றுத் தட்டில் இரண்டோ மூன்றோ விழலாம். ஒன்றும் விழாமலும் போகலாம். மீதி எங்கே போகின்றன என்று கேட்பாரில்லை.

எங்கே போகின்றன என்பதை நான் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஐந்தாம் படிவப் பரீட்சை முடிந்து, விடுமுறையில் ஒரு தோட்டத்தில் தராசுக்காரருக்கு உதவியாக இருந்தேன். லயத்துக்குப் பின்னாலிருந்த மரவள்ளிக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் தோண்டிப் போட்டுக்கொண்டிருந்தன. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த பெரியவர் ஒருவர் இரவில் காவலுக்குப் போனார். டார்ச் பிடிக்க என்னை அழைத்துக்கொண்டார். மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. ஓடை ஓரத்தில் ரிசாம் புதர் அசைந்தது. கறுப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது. "பன்றிதான், சுடுங்கள்" என்று நான்தான் சொன்னேன். பெரியவர் ஒரு கணம் தயங்கினார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் சுட்டார்.

எழுந்த சத்தம் பன்றியின் சத்தமல்ல. புதர் முறியும் ஓசை கீழே இறங்கிப் போயிற்று. போய்ப் பார்த்தோம், ரிசாம் இலையில் ஐந்தாறு துளி இரத்தம். "விடியட்டும்" என்றார் அவர். எனக்கும் அட்டையின் பயமும் குளிரும் இருந்தன; "ஆமாம், விடியட்டும்" என்றேன். விடிவதற்குள் பெருமழை கொட்டிற்று. இரத்தமும் இல்லை, சுவடும் இல்லை. நான்காம் நாள் கீழ்மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நாற்றம் வருகிறதென்று கங்காணியிடம் சொன்னார்கள். ஓடைக்கரையில் ஒரு பெண் மிளா செத்துக் கிடந்தது. கீழ்த்தாடை சிதறித் தொங்கிற்று. முகம் தண்ணீரோரமாக இருந்தது. எத்தனை நாள் தின்னாமல் கிடந்ததோ, குடிக்க முயன்றதோ, அறியேன். கூட்டத்திலிருந்த ஒரு கிழவி, "இதை யார் பண்ணினது?" என்று பொதுவாகக் கேட்டாள். நான் தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்தப் பெரியவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னதென்று தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னவன் நான். அந்தக் கறுப்பு உருவம் ஒரு மனிதனாகவும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் பல ஆண்டு கழித்தே தோன்றியது. விலங்கென்று எண்ணித் தம் தோழனையே சுட்டுவிட்ட செய்திகளை நாம் பத்திரிகைகளில் அவ்வப்போது படிக்கிறோமல்லவா? அவற்றில் ஒன்று எங்கள் பெயரோடு வரவில்லை என்பது எங்கள் அறிவாலன்று, தற்செயலால்.

இப்போது ஒரு வினோதத்தைச் சொல்லுகிறேன். கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்ற இடத்தில் ஆயுதச்சாலை ஒன்று இருந்தது. 1890களில் அங்கே ஒருவகைக் குண்டு செய்தார்கள். அக்காலத்தில் புதிதாக வந்த 303 ரைபிளின் குண்டு எல்லைப்புற யுத்தத்தில் மனிதன் உடலைத் துளைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டது. அவன் விழாமல் மேலே வந்தான். அதனால் குண்டின் முனையிலிருந்த உலோக உறையை நீக்கி, உடலுக்குள் சென்றதும் மலர்ந்து விரியும்படி செய்தார்கள். அது உண்டாக்கிய புண் கொடியது. 1899இல் ஹேக் நகரில் கூடிய தேசங்கள் யுத்தத்தில் இப்படிப்பட்ட குண்டை உபயோகிக்கலாகாது என்று பிரகடனம் செய்தன. பிரிட்டன் அப்போது எதிர்த்து நின்றது, 1907இல்தான் சம்மதித்தது.

வேட்டைச் சட்டங்களைப் பார்த்தாலோ நேர்மாறாக இருக்கிறது. பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமும் அமெரிக்காவின் பல மாநிலச் சட்டங்களும் மானைச் சுடுவதானால் விரியும் குண்டாலேயே சுடவேண்டும் என்கின்றன. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியதை மானுக்குக் கருணை என்று விதிப்பது எப்படி? மனிதன் தன்னைப் பெரிதாகவும் பிராணியைச் சிறிதாகவும் எண்ணியதால் வந்த அநீதி இது என்று சிலர் உடனே சொல்லுவர். நானும் ஒருகாலத்தில் அப்படியே நினைத்தேன். ஆழ்ந்து யோசித்தால் அப்படியல்ல. யுத்தத்தில் எதிரியைப் போரிட முடியாதபடி செய்தால் போதும். விழுந்தவனைத் தூக்கிப்போக ஆளுண்டு, கட்டுப்போட வைத்தியருண்டு. ஆதலால் ஆறக்கூடிய புண்ணே அங்கே கருணை. காட்டில் விழாமல் ஓடிய மிளாவுக்கு ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு ஆறக்கூடிய புண் என்பது பெரும்பாலும் நான்கு நாள் நீளும் சாவு. ஆதலால் விரைந்து முடிக்கும் புண்ணே அங்கே கருணை. தருமம் இரண்டிடத்திலும் ஒன்றுதான்: வேண்டாத துன்பத்தைச் செய்யாதே என்பது. அந்தத் தருமம் கருவியாக மாறும்போது இடத்துக்கேற்ப இரண்டு வடிவம் கொள்கிறது. கருவியின் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்பவன் இதை அறியான்.

இதனால் ஒரு முடிவுக்கு வருகிறோம். கொல்லத் துணிந்தவனுக்குக் கருவியைத் தேர்ந்தெடுப்பது ருசியைப் பொறுத்ததல்ல, கடமையைப் பொறுத்தது. விக்டோரியா மாநிலச் சட்டம் மிளாவுக்கு ஒரு கீழெல்லை வகுத்திருக்கிறது: குழல் விட்டம் ஓர் அங்குலத்தின் நூற்றில் 27 பங்குக்குக் குறையக்கூடாது, குண்டு 130 கிரெயினுக்கு, அதாவது சுமார் எட்டரை கிராமுக்குக் குறையக்கூடாது. பிராணி படும் துன்பத்தை அங்குலத்தாலும் கிரெயினாலும் அளந்து எழுதிவைத்த சட்டம் இது. இதைப் படித்தபோது, எழுதியவர் யாரோ ஒருவர் அந்த ஓடைக்கரையில் என் பக்கத்தில் நின்றவர்போல் எனக்குத் தோன்றியது.

மருமகனுக்கு நான் எழுதிய பதிலின் முதற்பகுதி இதுதான். 1906இல் அமெரிக்கப் படைக்காக வந்து உலகமெங்கும் பரவிய 30-06 என்ற அளவு உனக்குப் போதும். 180 கிரெயின் எடையுள்ள விரியும் குண்டைப் போடு. அது குழலை விட்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் புறப்படும். 1912இல் வந்த 375 என்ற பெரிய அளவு இன்னும் வலியது. 300 கிரெயின் குண்டை எறிவது. ஆனால் அது தோளில் உதைக்கும் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடுவாயானால், அதன் வலிமை முழுதும் மிளாவின் தாடைக்கே போய்ச் சேரும். நீ பயப்படாமல் சுடக்கூடிய துப்பாக்கியே உனக்கு வலிய துப்பாக்கி. குழல் நீளமாக இருந்தால் கொடியில் மாட்டும், குட்டையாக எடு. தொலைநோக்குக் கண்ணாடி வைப்பதானால் குறைந்த பெருக்கமுள்ளதை வை. குண்டை விலக்கும் குச்சியையும் அதிலே பார்க்கலாம். வாங்கியபின் காகிதத்தில் நூறு முறை சுட்டுப் பழகாமல் காட்டுக்குப் போகாதே.

இவ்வளவும் சொன்னபின் மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும்.

முதலாவது, கொல்லாமையைப் போற்றுகிறவர் சொல்லுவது. திருக்குறளில் கொல்லாமைக்கென்று ஓர் அதிகாரம் இருக்கும்போது, நல்ல குண்டு எது, கெட்ட குண்டு எது என்று ஆராய்வானேன், கொல்லாதே என்று ஒரே சொல்லில் முடிக்கலாகாதா என்பர். அப்படி நடக்கிறவரை நான் வணங்குகிறேன். புலால் உண்ணாதவருக்கு இக்கட்டுரை வேண்டியதில்லை. ஆனால் திருவிழாவுக்குக் கிடாய் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நின்று, வேட்டைக்காரன் மட்டும் பாவி என்று சொல்லுகிறவருக்கு அந்த வாதம் பொருந்தாது. கத்தி பிறர் கையில் இருப்பதனால் நம் கை சுத்தமாகிவிடாது. உண்பவன் ஒவ்வொருவனும், அந்த உயிர் எவ்வாறு போயிற்று என்று கேட்கக் கடமைப்பட்டவன். கொல்வதே தவறா என்ற கேள்வி பெரியது. அதற்கு விடை காணும்வரையில் சிறிய கேள்வியைத் தள்ளிப்போடலாகாது. ஏனெனில் பிராணிகள் அந்த விடைக்காகக் காத்திராமல் தினந்தோறும் செத்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, வீரம் பேசுகிறவர் சொல்லுவது. சிறிய இலக்கில் வெல்வதைவிடப் பெரிய இலக்கில் தோற்பதே ஆண்மைக்கு அழகு என்ற கருத்து திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் உண்டு. போர்க்களத்தில் அது சரியே. அங்கே எதிரே நிற்பது நம்மைக் கொல்ல வருகிறது. தவறினால் நஷ்டம் நமக்கு. வேட்டையிலோ தவறினால் நஷ்டம் எதிரே நிற்பதற்கு; நாம் வீட்டுக்கு வந்து கதை சொல்லுவோம். தோல்வியின் துன்பத்தை மற்றொன்று அனுபவிக்கும்போது, அந்தத் தோல்வியில் நமக்குப் பெருமை ஏது? இம்மலையின் பூர்வகுடிகளாகிய செமாய் மக்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள். மூங்கிற் குழலில் இப்போ மரத்தின் பால் தடவிய அம்பை வைத்து ஊதுவார்கள். மரத்திலிருக்கும் குரங்கையும் அணிலையும் பறவையையும் பெரும்பாலும் அதனால் எய்வார்கள்; பெரிய விலங்குக்கு அது ஏற்றதன்று என்று அறிவார்கள். கருவிக்கு எல்லை எதுவோ, ஆசைக்கும் அதுவே எல்லை. நாமோ ஆசையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கருவியைக் கடையில் தேடுகிறோம்.

மூன்றாவது, சட்டம் பேசுகிறவர் சொல்லுவது. சட்டம் அனுமதித்த துப்பாக்கியால், அனுமதித்த காலத்தில், அனுமதித்த விலங்கைச் சுட்டால் குற்றமென்ன என்பர். சட்டம் வகுப்பது கீழெல்லை. அதற்கு மேலே உள்ளதை அவனவன் மனமே வகுக்கவேண்டும். 30-06 ரைபிளும் 180 கிரெயின் குண்டும் சட்டப்படி சரியானவையே. ஆனால் ரிசாம் புதருக்குள் அசையும் கறுப்பு நிழலை நோக்கி அதே குண்டை அனுப்பினால், சட்டப் புத்தகம் மூடியிருக்கும், தாடை சிதறியிருக்கும்.

ஆகவே, மருமகன் கேட்ட கேள்விக்கு நேரான விடை இதுவாகும்: அடர்ந்த புதருக்கென்று ஒரு துப்பாக்கி இல்லை. எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்யவில்லை, செய்யவும் முடியாது. இடைவெளி தெரியும்போது சுடும் துப்பாக்கி உண்டு. இடைவெளி தெரியாதபோது சுடாத மனிதன் உண்டு. முதலாவதைப் பணம் கொடுத்து வாங்கலாம். இரண்டாவதற்கு நாமே பழகவேண்டும்.

சுடாத மனிதன் என்பது வெறும் பேச்சன்று. நீலகிரியில் 1877இல் ஒரு வேட்டைச் சங்கம் தோன்றியது. அதை அமைத்தவர் வேட்டைக்காரரே. கண்டதையெல்லாம் சுட்டுக்கொண்டே போனால் நாளை சுடுவதற்கு ஒன்றும் இராது என்று அஞ்சி, சுடக்கூடாத காலத்தை வகுக்கும் சட்டத்துக்கு 1879இல் வழி செய்தார்கள். அவர்கள் நோக்கத்தில் சுயநலம் இருந்தது. ஆனாலும் மான்கள் பிழைத்தன. நம் பகாங்கின் காட்டில் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. தியோடர் ஹப்பக் என்பவர் மலாயாவில் யானையையும் காட்டெருதையும் வேட்டையாடி, 1905இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். அவரே பிற்காலத்தில் விலங்குகளின் காவலரானார். 1930இல் மலாயா வனவிலங்கு விசாரணைக்கு நியமிக்கப்பட்டு, 1932இல் பெரிய அறிக்கை கொடுத்தார். பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றும் சேர்ந்த இடத்தில் 1938, 1939ஆம் ஆண்டுகளில் தேசிய வனம் எழுந்ததற்கு அவருடைய இடைவிடாத முயற்சி பெருங்காரணம். அதுவே இன்று தாமான் நெகாரா. குறிபார்க்கத் தெரிந்த கண்ணுக்கு எதிரே இருப்பதன் அருமையும் ஒருநாள் தெரியும் என்பதற்கு இவர் சாட்சி. வேட்டைக்காரன் எல்லோரும் ஹப்பக் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆகலாம் என்கிறேன்.

நமது நாட்டு நிலையையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். விக்டோரியாவில் மிளா மிகுதி. அதைக் குறைப்பதற்கு நியாயம் உண்டு. மலேசியாவில் 2009 முதல் மிளாவையும் குரைக்கும் மானையும் வேட்டையாட உரிமம் கொடுப்பதைச் சில ஆண்டுகள் நிறுத்தி, பின்னர் அத்தடையை நீட்டவும் நேர்ந்தது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமமின்றி அதைச் சுடுவது குற்றம். மிளா இல்லாத காட்டில் புலிக்கு உணவில்லை. 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கில் மலாயாப் புலி 150க்கும் குறைவு என்று கண்டார்கள். ஆகவே நம் மலையில் பன்றிக்கென்று குழலைத் தூக்குகிறவன், தான் பார்ப்பது பன்றிதானா என்று இருமுறையல்ல, பத்துமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். டார்ச் பிடிக்கும் பையன் சொல்லை நம்பிச் சுடக்கூடாது. அந்தப் பையனும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகவேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் எத்தனையோ கற்றுக்கொடுத்தது. இந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுக்கவில்லை.

சுட்டபின் வரும் கடமையையும் மறக்கலாகாது. குறி தவறியது என்று தெரிந்தால், மழையானாலும் அட்டையானாலும், இரத்தச் சுவடு போகுமிடமெல்லாம் சுட்டவன் போகவேண்டும். குண்டை அனுப்பியவன் அதன் பின்னே தானும் போகக் கடன்பட்டவன். அதற்குத் தயாராக இல்லாதவன், எவ்வளவு விலையுயர்ந்த ரைபிள் வைத்திருந்தாலும், அதைத் தூக்கத் தகுதியுள்ளவன் அல்லன்.

மருமகனுக்கு எழுதிய கடிதத்தின் பிற்பகுதியில் இவற்றையெல்லாம் எழுதினேன். ஓடைக்கரையில் கிடந்த பெண் மிளாவைப் பற்றியும், கிழவி கேட்ட கேள்வியைப் பற்றியும் எழுதினேன். பதினைந்து ஆண்டுக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவன் 30-06 வாங்கியிருக்கிறான். இரண்டு முறை மலைக்குப் போயிருக்கிறான். இரண்டாம் முறை, புல்லரணிப் புதருக்குள் ஒரு மிளாவின் பின்தொடை மட்டும் தெரிந்ததாம். கூட வந்தவர், "சுடு, சுடு" என்றாராம். "தலை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை, மாமா. அதனால் சுடவில்லை. அவர் இன்னும் என்னைக் கேலி செய்கிறார்" என்று எழுதியிருந்தான்.

அந்தக் கேலியை அவன் பொறுத்துக்கொள்ளட்டும். அன்று கிழவி கேட்டபோது நான் சொல்லாதிருந்த பதிலை இங்கே எழுதி முடிக்கிறேன்: அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.